ஆடியில் அச்சாகும் அடுத்த ஆண்டு

ஆடிப் பதினெட்டு அன்றே சிவகாசியில் அடுத்த ஆண்டு பிறந்துவிடுகிறது. காலண்டர் அச்சகத்தார் அன்று பூஜை போட்டு, வரும் ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்களை வெளியிடுவார்கள். நகைக்கடைக்காரரும் ஜவுளிக்கடைக்காரரும் பால்கோவா கடைக்காரரும் தங்கள் பெயர் போட்டு எத்தனை வேண்டும் என்று அதன்பிறகு ஆர்டர் கொடுப்பார்கள். ஜனவரி பிறக்க இன்னும் ஐந்து மாதம் கிடக்கும். ஆனால் அந்த ஆண்டின் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் தாளில் ஏறத் தயாராகிவிடும்.

அந்தத் தினசரித் தாளில் ஒன்றை எடுத்து நிதானமாகப் பாருங்கள். தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், ராகு காலம், அரசு விடுமுறை. கீழே பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கொரு சொல்: லாபம், நட்பு, செலவு, பொறுமை. எல்லாம் ஒரே தாளில் அடுத்தடுத்து இருக்கும். இவற்றில் எதை எவ்வளவு நம்பலாம் என்று தாள் சொல்வதில்லை. 'வரும் ஆண்டில் தொழில்நுட்பம், வணிகம், சமூகம்' என்று டிசம்பர் மாதப் பத்திரிகைகளில் வரும் கணிப்புகளுக்கும் இதே குறைதான். செயற்கை நுண்ணறிவு, பங்குச் சந்தை, பருவமழை, தேர்தல் எல்லாம் ஒரே குரலில் சொல்லப்படும். எது எந்த அளவுக்கு முன்கூட்டித் தெரியக்கூடியது என்று தரம் பிரிப்பதே இந்த அத்தியாயத்தின் வேலை. அதற்குச் சிவகாசியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆண்டாள் கோயில் தேர் ஆடிப் பூரத்தன்று ஓடும். ஆடி மாதத்தில் நிலா பூர நட்சத்திரப் பகுதியைக் கடக்கும் நாள் அது. நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் நிலா ஒரு சுற்று முடிக்க 27.3 நாள் ஆகிறது. ஆடிக்கோ 31 நாள், சில ஆண்டு 32. ஆகவே பூரம் வராத ஆடி கிடையாது. பதின்மூன்று சுற்றுக்கு 355 நாள், பதினான்கு சுற்றுக்கு 382 நாள் சொச்சம். ஆகவே ஆடிப் பூரம் ஆங்கிலத் தேதியில் ஓர் ஆண்டு பத்து நாள் முந்தும், அல்லது பதினாறு பதினெட்டு நாள் பிந்தும். 2020-இல் ஜூலை 24, 2021-இல் ஆகஸ்ட் 11, 2022-இல் ஆகஸ்ட் 1, 2023-இல் ஜூலை 22. கழித்துப் பாருங்கள், 383, 355, 355 என்று வரும். நூறு ஆண்டு கழித்து வரப்போகும் ஆடிப் பூரத்தையும் இன்று உட்கார்ந்து கணக்கிடலாம். பெரிதாகத் தப்பாது.

இதே கணக்கு பின்னோக்கியும் ஓடும். ஆண்டாள் பாடிய திருப்பாவையின் பதின்மூன்றாம் பாசுரத்தில், விடியலில் வெள்ளி எழும் வேளையில் வியாழன் மறையும் செய்தி வருகிறது. மார்கழி மாதம், நிறைமதி நாள் என்ற குறிப்புகளையும் அதனோடு சேர்த்து, ஆண்டாளின் காலத்தைக் கணக்கிட முயன்றார் தமிழறிஞர் மு. இராகவையங்கார். அவருக்குக் கிடைத்த விடை கி.பி. 731. ஒன்பதாம் நூற்றாண்டு ஆண்டுகளைச் சொன்னவர்களும் உண்டு. வெள்ளி 584 நாளுக்கு ஒருமுறையும், வியாழன் 399 நாளுக்கு ஒருமுறையும் சூரியனை ஒட்டிய அதே நிலைக்குத் திரும்புவதால், அப்படி ஒரு விடியல் வரலாற்றில் ஒரு முறை மட்டும் வந்திருக்க முடியாது. எந்த ஆண்டு என்பதில்தான் அறிஞர்களுக்குள் சண்டை. கோள் எங்கே நின்றது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

வானம் இவ்வளவு எளிதாகப் பிடிபடக் காரணம் அங்கே ஆட்கள் குறைவு என்பதுதான். சூரியன், பூமி, நிலா, நாலைந்து கோள்கள். உராய்வு கிட்டத்தட்ட இல்லை. இன்றைய நிலையை அளப்பதில் நேரும் சிறு பிழை, நீண்ட காலம் சிறு பிழையாகவே இருக்கும், மெதுவாகத்தான் வளரும்.

ஆனால் சிறு பிழையைத் திருத்தாமல் விட்டால் வானமும் கைவிடும். 1825-இல் ஜான் வாரன் என்பவர் புதுச்சேரிப் பக்கம் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். பஞ்சாங்கக்காரர் எழுதுகோல் எடுக்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாட்டைச் சொல்லிச் சொல்லி அந்த ஆண்டின் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. சோழி கொண்டு போட்ட கணக்குக்கு இது அபாரம். வாக்கியப் பஞ்சாங்கம் இந்த மரபில் வந்தது. வரருசி பெயரில் வழங்கும் நிலாவுக்கான 248 வாக்கியங்கள் அதன் முதுகெலும்பு. பூமிக்கு அருகில் வந்து, விலகி, மீண்டும் அருகில் வரும் சுற்றை நிலா ஒன்பது முறை முடிக்க ஆகும் நாட்களின் எண்ணிக்கைதான் இந்த 248. பிழை இங்கே பழைய மூல எண்களை அப்படியே வைத்துக்கொண்டதால் வருகிறது. திருக்கணிதப் பஞ்சாங்கம் இன்றைய வானியல் அளவுகளை எடுத்துக்கொள்கிறது. விளைவு என்ன தெரியுமா? திருக்கணிதப்படி சனி 2025 மார்ச் 29-இல் மீனத்துக்குப் பெயர்ந்தது. வாக்கியப்படி 2026 மார்ச் 6-இல். ஒரே சனிக்குப் பதினொரு மாதத்துக்கும் மேல் வித்தியாசம்! சனி ஆண்டுக்குச் சுமார் 12 பாகைதான் நகரும். இடத்தில் சில பாகை தவறினால் நாளில் மாதக்கணக்காகத் தவறும்.

அடுத்த படி மழை. இங்கிருந்துதான் வழுக்கத் தொடங்குகிறது.

பஞ்சாங்கத்தில் இந்த ஆண்டு இத்தனை மரக்கால் மழை என்று போட்டிருக்கும். அரசாங்கமும் அதே கேள்விக்குப் பதில் தேடத் தொடங்கியதற்குக் காரணம் பஞ்சம். 1876–78 தாது வருஷப் பஞ்சம் மதராஸ் மாகாணத்தைச் சூறையாடிய பிறகு, 1875-இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலைத் துறையிடம் முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். அதன் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு இமயமலைப் பனிக்கும் பருவமழைக்கும் தொடர்பு கண்டார். பனி கூடினால் மழை குறையும் என்பது அவர் கணக்கு. 1886 முதல் ஆண்டுதோறும் கணிப்பு வந்தது. 1904-இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் கணிதக்காரர். உலகெங்கும் இருந்து காற்றழுத்தப் புள்ளிவிவரங்களை வரவழைத்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். பசிபிக் பெருங்கடல் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குவதைக் கண்டு அதற்குத் தெற்கத்திய அலைவு என்று பெயரிட்டார். பசிபிக் கடல்நீர் வழக்கத்துக்கு மேல் சூடேறும் எல் நினோ பற்றி இன்று பேசும் பேச்சுக்கெல்லாம் வேர் அங்கே இருக்கிறது.

கணிப்பு வந்தது சரி, பலித்ததா? 1988 முதல் வானிலைத் துறை பதினாறு காரணிகள் கொண்ட ஒரு சூத்திரத்தைப் பயன்படுத்தியது. ஆண்டுதோறும் 'பஞ்சமில்லை' என்று சொன்னது. பதினான்கு ஆண்டு பலித்தது. 2002-இல் நீண்டகாலச் சராசரியில் 101 விழுக்காடு மழை வரும் என்றார்கள். வந்தது 81. நாடு வறட்சியில் விழுந்தது. மறு ஆண்டே சூத்திரத்தை மாற்றினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது 2002-இன் தோல்வியை அல்ல, அதற்கு முந்தைய பதினான்கு வெற்றிகளை. 1987-க்கும் 2002-க்கும் நடுவே நாடு தழுவிய வறட்சி ஒன்றுகூட வரவில்லை. அந்தப் பதினான்கு ஆண்டும் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு 'பஞ்சமில்லை' என்று சொல்லியிருந்தாலும் அவருக்கும் நூற்றுக்கு நூறு கிடைத்திருக்கும். ஒரு கணிப்பைப் பாராட்டும் முன், சும்மா இருந்தவருக்கு எத்தனை மதிப்பெண் வந்திருக்கும் என்று பார்க்க வேண்டும். டிவியில் தோன்றும் நிபுணர்களை மதிப்பிட இந்த ஒரு கேள்வி போதும்.

மழையை ஆண்டு முழுதும் நாள்வாரியாகச் சொல்ல முடியாததற்குக் காரணம் கணினி போதாமை அல்ல. 1961-இல் அமெரிக்க வானிலையாளர் எட்வர்டு லோரன்ஸ் ஒரு கணக்கை மறுபடி ஓட்டும்போது 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். சிறிது தூரம் பழைய விடையோடு ஒட்டிச் சென்ற புது விடை, பிறகு முற்றிலும் வேறாகிவிட்டது. வானிலையில் சிறு பிழை சிறு பிழையாக நிற்பதில்லை. அது இரட்டித்து இரட்டித்து, சுமார் இரண்டு வாரத்தில் கணிப்பை விழுங்கிவிடும். ஆனால் பருவத்தின் மொத்தப் போக்கு வேறு விஷயம். பால்கோவா சட்டியில் அடுத்த குமிழ் எந்த இடத்தில் வெடிக்கும் என்று எந்த மாஸ்டராலும் சொல்ல முடியாது. இவ்வளவு பாலுக்கு, இவ்வளவு தீக்கு எப்போது பதம் வரும் என்று எல்லா மாஸ்டருக்கும் தெரியும். கடல் வெப்பம்தான் பருவமழையின் தீ. அது மெதுவாக மாறுவதால், மூன்று நான்கு மாதத்துக்கு முன்பே பொத்தாம்பொதுவாக ஏதோ சொல்ல முடிகிறது.

அதிலும் எந்த ஊருக்கு என்று கேட்டால் கதை மாறிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரம். தென்மேற்குப் பருவக் காற்று மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு வரும். இங்கே கண்மாய் நிறைவது ஐப்பசி கார்த்திகை மழையில்தான். எல் நினோ ஆண்டில் நாட்டின் பெரும்பகுதி காயும், வடகிழக்குப் பருவமழையோ பெரும்பாலும் வலுக்கும். 2023 அப்படித்தான். தென்மேற்குப் பருவமழை நாடு முழுவதற்குமாக 94 விழுக்காட்டில் நின்றது. டிசம்பர் 17, 18-இல் தென்கோடி வெள்ளத்தில் மிதந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். வானிலைத் துறையின் மழை வகைகளில் ஆக உச்சம் 'அதி கனமழை'. அது 20 சென்டிமீட்டரைத் தாண்டியதும் தொடங்கிவிடும். அதற்கு மேலே வகையே கிடையாது. எச்சரிக்கை வந்தாலும், 21-க்கும் 95-க்கும் ஒரே சொல்தான்.

இனி வணிகம். நிலா காலண்டர் வாசிப்பதில்லை. வியாபாரி வாசிக்கிறார். கணிப்பைக் கேட்டு நடத்தையை மாற்றிக்கொள்ளும் பொருளைக் கணிப்பது வேறு வகையான வேலை. ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய நாள் முதல், பஞ்சு விலை நாளை என்னவாகும் என்ற கேள்வி இந்த ஊரில் ஓய்ந்ததில்லை. இன்று பஞ்சு வாங்கினால் நூலாகி விற்க வாரக்கணக்காகும். இடையில் விலை விழுந்தால் நஷ்டம். 2022 மே மாதம் ஒரு கண்டி, அதாவது 356 கிலோ பஞ்சு, ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. ஏப்ரலில் மத்திய அரசு இறக்குமதி வரியை நீக்கியும் நிற்கவில்லை. இன்னும் ஏறும் என்று நம்பியவர்கள் இருப்பு வைத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் விலை சரிந்து, வைத்திருந்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். நாளை விலை ஏறும் என்று எல்லாருக்கும் தெரிந்தால் எல்லாரும் இன்றே வாங்குவார்கள். விலை இன்றே ஏறிவிடும், நாளைக்கு மிச்சம் இருக்காது. சந்தையில் எல்லாருக்கும் தெரிந்த கணிப்பு அந்தக் கணமே செல்லாக்காசு. விவசாயியின் கதை இதன் மறுபக்கம். போன ஆண்டு விலையைப் பார்த்து இந்த ஆண்டு எல்லாரும் அதையே விதைக்க, அறுவடையில் விலை படுக்கும். சலித்துப்போய் அடுத்த ஆண்டு விட்டுவிட, விலை எகிறும். மார்டெகாய் எசக்கியேல் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1938-இல் இந்த ஊசலாட்டத்தைச் சிலந்திவலைத் தேற்றம் என்ற தலைப்பில் விளக்கி எழுதினார்.

சந்தைக்கு வெளியிலிருந்து வரும் அடி இன்னும் மோசம். 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டும் போதும் என்றது, பேரியம் உப்புக்குத் தடை போட்டது. சிவகாசிப் பட்டாசு ஆலைகள் பல மாதம் மூடிக் கிடந்தன. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி வசூலித்தது. அந்தந்த ஆண்டு ஜனவரியில் இவற்றைத் தேதியோடு சொன்னவர் உண்டா?

அதற்காக வணிகத்தில் எதையும் சொல்ல முடியாது என்று கையை விரிக்க வேண்டியதில்லை. தீப்பெட்டியைப் பாருங்கள். 2007-இல் ஒரு ரூபாயானது. 2021 டிசம்பர் 1-இல்தான் இரண்டு ரூபாயானது. நடுவில் எந்த ஆண்டும் 'வரும் ஆண்டு தீப்பெட்டி விலை ஏறாது' என்று யாரும் பெரிய எழுத்தில் எழுதவில்லை, எழுதியிருந்தால் பலித்திருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் இதற்கு ஒரு எளிய விதி தந்தார். நடந்த தடவைகளோடு ஒன்றைக் கூட்டு, மொத்தத் தடவைகளோடு இரண்டைக் கூட்டு, வகுத்துக்கொள். 2008 முதல் 2021 வரை 14 ஆண்டில் விலையேற்றம் ஒரு முறை. இரண்டைப் பதினாறால் வகுத்தால் எட்டில் ஒன்று. அடுத்த ஆண்டு விலை ஏற 12.5 விழுக்காடு வாய்ப்பு. காரணம் எதுவும் தெரியாமலே இவ்வளவு தூரம் வந்துவிடலாம். காரணம் தெரிந்தவர் இதற்கு மேல் திருத்திக்கொள்ளட்டும்.

தொழில்நுட்பத்தில் பிறப்பு வேறு, பரவல் வேறு. பிறப்பைச் சொல்வது கடினம். பரவலைச் சொல்வது அவ்வளவு கடினமில்லை, ஆனால் எல்லாரும் வேகத்தில் தவறுகிறார்கள். 2016-ஐ எடுத்துக்கொள்வோம். ஏப்ரலில் யுபிஐ அறிமுகம், செப்டம்பரில் ஜியோ, நவம்பர் 8 இரவில் பணமதிப்பிழப்பு. மூன்றும் சேர்ந்து என்ன செய்யும் என்று அந்தப் பொங்கலுக்கு யாராவது எழுதியிருந்தால் சிரித்திருப்போம். 2025 ஆகஸ்டில் யுபிஐ ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைக் கடந்தது. அதே 2016-இல்தான், இனிமேல் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை நிறுத்திவிடலாம், ஐந்தாண்டில் இயந்திரம் மிஞ்சிவிடும் என்றார் செயற்கை நுண்ணறிவு முன்னோடி ஜெஃப்ரி ஹிண்டன். அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பற்றாக்குறையும் இருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பரில், சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கூகுளின் நிரல் படம் பார்த்தே கண்டுபிடிக்கிறது என்ற ஆய்வு வெளியானது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை அதில் பங்காளி. மருத்துவமனையில் உண்மையான நோயாளிகளுக்கு அது புழக்கத்துக்கு வந்த செய்தி 2019-இல்தான் வெளிவந்தது. ஆய்வுக்கூடத்தில் முடிந்துபோன ஒன்று, வாசலைத் தாண்டி வரவே அத்தனை காலம். படம் எடுப்பவர், அனுமதி கொடுப்பவர், நோயாளியை வரவழைப்பவர் என்று எத்தனையோ பேர் நடுவில் இருக்கிறார்கள். 'வரும் ஆண்டில் செயற்கை நுண்ணறிவு' என்று தொடங்கும் கட்டுரைகள் இவர்களை மறந்துவிடுகின்றன.

அப்துல் கலாமும் ய.சு. ராஜனும் 1998-இல் எழுதிய 'இந்தியா 2020' நூல் பொய்த்துவிட்டது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது இலக்கு. கணிப்பு அல்ல. இரண்டுக்கும் தேர்வு முறை வேறு.

2020 என்றதும் ஒரு வாரம் நினைவுக்கு வருகிறது. 2019 டிசம்பர் 26 காலையில் கோவை, திண்டுக்கல் வானில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. தொடங்கும் நிமிடம் பல ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் இருந்தது. அடுத்த ஐந்தாம் நாள், டிசம்பர் 31-இல், வூகானில் புதுவித நிமோனியா பரவுவதாக உலக சுகாதார நிறுவனத்துக்குச் செய்தி போயிற்று. 2020-ஆம் ஆண்டின் காலண்டர்கள் அப்போது வீட்டுச் சுவரில் ஏறிவிட்டிருந்தன. அவற்றில் ஆடிப் பூரம் சரியாக ஜூலை 24 என்று இருந்தது. நிலாவும் சரியாக வந்தது. பெரிய தேர் ரத வீதியில் ஓடவில்லை. மறு ஆண்டும் ஓடவில்லை. 2022 ஆகஸ்ட் 1-இல்தான் ஓடியது.

தொற்றுநோய் என்றாவது வரும் என்று தெரியும். இந்த ஆண்டா என்று தெரியாது. இந்த வகை அறிவைச் சொல்ல 'நடக்கும்', 'நடக்காது' என்ற இரண்டு சொற்கள் போதாது. விழுக்காடு வேண்டும். அதற்கு மதிப்பெண் போடும் முறையை அமெரிக்க வானிலைத் துறையின் கிளென் பிரையர் 1950-இல் வகுத்தார். மழைக்கு 80 விழுக்காடு வாய்ப்பு என்கிறீர்கள். பெய்தால் பிழை 0.2, அதன் வர்க்கம் 0.04. பெய்யாவிட்டால் பிழை 0.8, வர்க்கம் 0.64. குறைய வாங்குவதே நல்லது. எல்லாவற்றுக்கும் 50 விழுக்காடு என்று மழுப்புகிறவருக்கு எப்போதும் 0.25. உளவியலாளர் ஃபிலிப் டெட்லாக் இருபது ஆண்டுக்கு நெருக்கமாக 284 நிபுணர்களின் அரசியல், பொருளாதாரக் கணிப்புகளைச் சேகரித்து இப்படி மதிப்பிட்டு 2005-இல் நூலாக்கினார். பலர் எளிய புள்ளிவிவர விதிகளைக்கூட வெல்லவில்லை. ஊடகங்களில் அதிகம் தோன்றியவர்கள் இன்னும் மோசம். 2011-இல் தொடங்கிய அவரது அடுத்த ஆய்வில் சாதாரண ஆட்கள் சிலர் தொடர்ந்து நன்றாகச் செய்தார்கள். புதுச் செய்தி வரும்போதெல்லாம் தங்கள் விழுக்காட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தியதே அவர்களின் வழக்கம்.

பிறரை இவ்வளவு பேசிவிட்டு நான் நழுவக் கூடாது. நீங்கள் இதை எந்த ஆண்டு படித்தாலும், அடுத்து வரும் ஆண்டுக்கு என் கணிப்பு இது. ஆடிப் பூரம் திருக்கணிதக் காலண்டரில் போட்ட நாளில் வரும்: 99.9 விழுக்காடு. அன்று ஆண்டாள் தேர் வீதியில் ஓடும்: 96. தென்மேற்குப் பருவமழை நாடளவில் சராசரியின் 96-க்கும் 104-க்கும் இடையே நிற்கும்: 35 (செய்தியில் 'இயல்பான மழை' என்று கேட்டுக் கேட்டு இது அதிகம் இருக்கும் என்று நினைப்போம், ஆனால் கடந்த கால வரலாறு மூன்றில் ஒன்றுதான் தருகிறது). தமிழகத்தில் ஏதாவது ஓர் ஊரில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டும்: 85. தீப்பெட்டி சில்லறை விலை மாறாது: 88. பஞ்சு விலை ஜனவரியில் இருப்பதிலிருந்து டிசம்பரில் 20 விழுக்காட்டுக்குள் ஏறியோ இறங்கியோ நிற்கும்: 70. மருத்துவரே இல்லாமல் நிரலை மட்டும் வைத்து நடக்கும் கண் மருத்துவமனை விருதுநகர் மாவட்டத்தில் திறக்காது: 98. 'யாரும் நினைக்காத ஒன்று நடக்கும்' என்பதையும் சேர்க்கத்தான் ஆசை. அதற்கு மதிப்பெண் போட வழியில்லாததால் விட்டுவிட்டேன்.

ஆண்டு முடிவில் இந்த ஏழுக்கும் பிரையர் மதிப்பெண் போட்டுச் சராசரி எடுங்கள். 0.25-க்கு மேல் வந்தால், இந்த நூலில் விண்ணியல் கணக்குகளைத் தவிர நான் சொல்லும் வேறெந்த ஆரூடத்தையும் நீங்கள் பொருட்படுத்த வேண்டாம்.